ஹாலிஸ் பர்விஸ் கழற்றிய சட்டைகள்

1994ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாவது புதன்கிழமை, பிற்பகல் இரண்டு மணி ஆட்டத்தில் ஹாலிஸ் பர்விஸ் தீயணைப்பு வீரர் கோட்டைக் கழற்றியபோது உள்ளே தபால்காரர் சட்டை இருந்தது. அதைக் கழற்றினான், மாவு படிந்த ரொட்டிக்கடை அங்கி இருந்தது. அதையும் கழற்றினான், வனக்காவலர் உடுப்பு இருந்தது. டாம்பா பக்கத்துக் கடலோர ஊரான மல்லட் பாயின்ட்டில் அன்று வெயில் எண்பத்தோரு டிகிரி பாரன்ஹீட், வளைகுடாக் காற்று சுமார், புகை போட்ட மல்லட் மீன் பவுண்டு இரண்டே முக்கால் டாலர். சீ கிரேப் விடுதியில் அறுபத்திரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குளிருக்குப் பயந்து ஒஹாயோவிலிருந்தும் மிச்சிகனிலிருந்தும் வந்து பங்குனி வரை தங்கிப் போகிற ஓய்வூதியக்காரிகள் பாதிப் பேர், உள்ளூர் விதவைகள் மீதிப் பேர். ஆடை களையும் ஆட்டம் என்றால் நாலு பாட்டு. முதல் பாட்டுக்கு உடுப்போடு நடப்பது, இரண்டாவதில் சட்டை, மூன்றாவதில் கால்சட்டை, நான்காவதில் கோவணம் அளவுப் பட்டுத் துணியோடு மேசை மேசையாகப் போய் வணக்கம் சொல்வது. ஹாலிஸ் அன்று பதினோரு பாட்டு ஆடினான். ஆட்டக்காரரின் கால்சட்டை ஓர் இழுப்பில் பர்ரென்று பிரிந்து வரும்படி ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்திருக்கும். உள்ளிருந்து வந்தவையோ நிஜமான உடுப்புகள். ஜிப்பும் பெல்ட்டும் பித்தானும் உள்ளவை. ஒவ்வொன்றையும் உருவ ஹாலிஸ் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் தத்த வேண்டியிருந்தது. பதினோராவது பாட்டில் லிப்ட் பழுது பார்ப்பவனின் நீல அங்கியில் வந்து நின்றபோது விடுதிக்காரி லொரேன் பாட்டை நிறுத்தினாள். முன்வரிசையில் எப்போதும் அதே நாற்காலியில் உட்காரும் எழுபத்தொன்பது வயது யூனிஸ் டின்டல் அம்மாள், "ஏன் தம்பி, இத்தனையும் போட்டுக்கிட்டு உனக்குப் புழுங்கலையா?" என்று கேட்டார். ஹாலிஸ் புழுங்குகிறது என்று உண்மையைச் சொன்னான்.

உள்ளறையில் பெரிய சண்டை. கௌபாய் வேடக்காரன் கர்ட்டிஸ் போட்ரைட்டுக்கும், போலீஸ் வேடக்காரன் ரமோன் கெசாடாவுக்கும் ஆட மிச்ச நேரமே இல்லாமல் போயிருந்தது. "அண்ணே, உங்க பாட்டையும் தின்னு, எங்க பாட்டையும் தின்னு, ஏப்பம் விட்டுட்டு வந்து நிக்கிறீங்க," என்றான் கர்ட்டிஸ். லொரேன் அதற்கு மேல். "என்னடா விளையாட்டு இது? அவுத்துப் போட்டு ஆடுற எடத்துக்கு ஒரு கடை துணியப் போட்டுட்டு வந்திருக்க! அவங்க என்ன ஜவுளி எடுக்கவா வந்தாங்க?" ஹாலிஸ் தன் தாய் மேல் சத்தியமாக ஓர் உடுப்புதான் போட்டதாகச் சொன்னான். ஒருவரும் நம்பவில்லை. ஆனால் அந்தத் தொழிலில் மேடையில் எது கோளாறானாலும் பழி ஒட்டுப்பட்டையின் மேல்தான் விழும். பாட்டு தேய்ந்து நின்றாலும் ஒட்டுப்பட்டை, ஆட்டக்காரன் வழுக்கி விழுந்தாலும் ஒட்டுப்பட்டை. ஆகவே அரை மணி நேரத்தில் எல்லோரும் ஒருமனதாக அந்த முடிவுக்கு வந்து, ஒட்டுப்பட்டை தைக்கும் டார்லீன் சைக்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

டார்லீன் துணி வெளுக்கும் கடைக்குப் பின்புறம் இரண்டு தையல் மெஷின் போட்டிருந்தாள். வயது நாற்பத்து நான்கு. இரண்டு கல்யாணம் செய்து இரண்டையும் முறித்தவள். வந்தவள் தரையில் கிடந்த பத்து உடுப்புகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பி உள்தையலைப் பார்த்தாள். "இது என் தையல் இல்ல. சொன்னா வயிறெரியுது, என் தையலைவிட நல்லா இருக்கு," என்றாள். பிறகு, வேறு யாரும் கவனிக்காத ஒன்றைக் கவனித்தாள். ஒவ்வொரு சட்டையின் முழங்கையும் தேய்ந்திருந்தது, ஹாலிஸின் முழங்கை தேய்க்கும் இடத்தில். கழுத்துப்பட்டியில் ஹாலிஸின் கழுத்து அழுக்கு. பல வருடம் அவனே போட்டு உழைத்த மாதிரி. தபால்காரர் சட்டைப் பையில் யூனிஸ் அம்மாளுக்கு வந்த விதை விலைப்பட்டியல் ஒன்று இருந்தது. வனக்காவலர் பையில் பாதி கடித்த ஆப்பிள். ரொட்டிக்கடை அங்கியின் பையில் சூடு ஆறாத பன் ஒன்று இருந்தது. அதை ரமோன் தின்றுவிட்டு, வெண்ணெய் கொஞ்சம் கம்மி என்றான்.

ஹாலிஸுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. பதினெட்டு வயதில் கூரை வேய்ந்தான், இறால் படகில் போனான், ஆரஞ்சு பறித்தான், பிளாஸ்டிக் நீச்சல்குளம் விற்றான், ஒரு மிருகக்காட்சிக் கூடத்தில் முதலைக்குக் கோழி போட்டான். எதிலும் எட்டு மாதத்துக்கு மேல் தரிக்கவில்லை. ஒரு புயலுக்குப் பிறகு வேலை இல்லாமல் திரிந்தபோது, இரண்டு வாரத்துக்கு மட்டும் என்று சொல்லி லொரேனிடம் ஆட வந்தவன். அந்த இரண்டு வாரம் பத்து வருடமாக நடந்துகொண்டிருந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் ஆண்கள் எல்லோரும் ஒருநாள் உடற்பயிற்சிக்கூடம் திறக்கப் போகிறவர்கள். கர்ட்டிஸும் திறக்கப் போகிறவன், ரமோனும் திறக்கப் போகிறவன். ஹாலிஸ் மட்டும் அதைக்கூடச் சொன்னதில்லை. என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், "பாக்கலாம்," என்பான். டார்லீனின் முதல் கணவன் மீன் சாப்பாட்டுக் கடை திறக்கப் போகிறவனாக ஒன்பது வருடம் சோபாவில் இருந்தான். இரண்டாமவன் உடற்பயிற்சிக்கூடம். ஆகவே அந்தப் புதன்கிழமைக்குச் சில வாரம் முன்பு ஹாலிஸ் தன்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லிக் கேட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "நீ என்னவா ஆகப் போறன்னு எனக்குச் சொல்லு. பெருசா ஒண்ணும் வேணாம். ஆனா சொல்லணும். சொல்லிட்டு அதுவாவே இருக்கணும். இன்னொரு 'பாக்கலாம்'கூட என்னால குடும்பம் நடத்த முடியாது." அவனுக்கு அவள்மேல் உயிர். அதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு ஹாலிஸ் தன் உடம்பைப் பார்க்கவில்லை. வீட்டில் தனியாகக் கழற்றினாலும் அதே கதைதான். குளியலறைக்குள் சமையல்காரனாகப் போனவன் ரயில்வே கார்டாக வெளியே வந்தான். குளியல் என்று ஒன்று இல்லாமல் போனதால் காலையில் கடலில் இடுப்பளவு இறங்கி நின்றுவிட்டு வருவான். பேஸ்பால் நடுவர் உடுப்பில் ஒருவன் அலையில் நிற்பதைப் பார்த்து முதல் வாரம் மீன்பிடிக்காரர்கள் கைகாட்டினார்கள். இரண்டாம் வாரம் காட்டவில்லை. மருத்துவர் அவன் முழங்கையைத் தட்டிப் பார்த்து இரத்த அழுத்தம் சரியாக இருப்பதாகச் சொன்னார். பாதிரியார் பழைய ஏற்பாட்டில் அங்கிகள் வரும் இடங்களைத் தேடிவிட்டு, இது பாவத்தில் சேராது, புண்ணியத்திலும் சேராது என்று சொல்லி அனுப்பினார்.

லொரேன் அவனை வேலையை விட்டு அனுப்பியிருப்பாள். ஆனால் அடுத்த புதன்கிழமை எண்பது பேர் வந்தார்கள், அதற்கு அடுத்த புதன் நூற்றிருபது. தோலைப் பார்ப்பதற்கு உலகத்தில் எத்தனையோ இடம் இருக்கிறது; ஒரு மனிதன் என்னென்னவாக இருந்திருக்கக்கூடும் என்று பார்க்க சீ கிரேப் ஒன்றுதான் இருந்தது. பெண்கள் பின்னல் வேலையைக் கூடவே கொண்டுவந்தார்கள். மருந்துக்கடைக்காரனாக அவன் தோன்றியபோது எழுந்து நின்று கைதட்டினார்கள். காப்பீட்டு முகவராகத் தோன்றியபோது எல்லோரும் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்தார்கள். லொரேன் வாசல் பலகையில், ஆடை களையப்படும், களைந்து முடியும் என்று உத்தரவாதம் இல்லை என்று எழுதி வைத்தாள்.

கழற்றிய உடுப்புகள் உள்ளறையில் மலையாகக் குவிந்தன. கோடையின் நடுவில் ஒருநாள் கர்ட்டிஸ் விளையாட்டாக அந்தக் குவியலிலிருந்து பல் செட் செய்பவரின் வெள்ளைக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். கை குட்டையாக இருந்தது. டார்லீன் மடிப்பை அவிழ்த்து ஓர் அங்குலம் நீட்டித் தந்தாள். போட்டுக்கொண்ட சாயங்காலமே அவன் லொரேனின் வாயைத் திறந்து பார்த்து, மேல் தாடையின் இடது கடைவாய்ப் பல் செட் சரியாக உட்காரவில்லை என்றான். சரியாகத்தான் உட்காரவில்லை. அதைக் கழற்றி, நகவெட்டியின் அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து மாட்டிவிட்டான். லொரேன் ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக வேர்க்கடலை தின்றாள். மாதக் கடைசியில் கர்ட்டிஸ் ஓக்காலாவுக்கு அந்த வேலைக்குப் போய்விட்டான். அக்டோபரில் ரமோன் பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு டாம்பாவுக்குக் கிளம்பினான். "டேய் ஹாலிஸ், என் ஆட்டக்காரனுங்கள எல்லாம் வேலைக்காரனுங்களா ஆக்கி அனுப்புறியேடா, நீ வெளங்குவியா?" என்று லொரேன் வாசலில் நின்று கத்தினாள். பிறகு ஊரில் வேலை இல்லாத ஆண்கள் ஒவ்வொருவராக வந்து குவியலைக் கிளற ஆரம்பித்தார்கள். பாலத்தில் தூண்டில் போட்டே காலம் கழித்த இரண்டு சகோதரர்கள் குழாய் பொருத்துபவர்கள் ஆனார்கள். டார்லீன் எல்லோருக்கும் கை நீட்டி, இடுப்புச் சுருக்கித் தைத்துக் கொடுத்தாள்.

ஹாலிஸ் மட்டும் அப்படியே இருந்தான். அவனுக்கு எதுவும் பிடிக்காமல் இல்லை. அதுதான் சங்கடம், எல்லாம் பிடித்தது. தபால்காரராக நின்ற அரை நிமிடத்தில் தெருக்களின் பெயரெல்லாம் அவனுக்கு நெஞ்சில் இனித்தன. தச்சராக நின்றபோது மர வாசனை வந்தது. ஆனால் அந்தச் சட்டைக்கு அடியில் இன்னொரு சட்டையின் காலர் கழுத்தில் உரசிக்கொண்டே இருக்கும். அது இதைவிட நன்றாக இருந்துவிட்டால் என்று ஒரு நினைப்பு வரும், விரல் தானாகப் பித்தானுக்குப் போகும். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்பார்கள். ஹாலிஸ் தச்சனையும் கழற்றிப் போட்டவன். டார்லீன் ஊரில் இருக்கிற அத்தனை ஆணுக்கும் சட்டை அளவு எடுத்துவிட்டு, கிறிஸ்துமஸ் அன்று அவனிடம் சொன்னாள்: "ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை நாலு பத்து பஸ்ல மொபைல் ஊர்ல இருக்கிற என் அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன். அதுவரைக்கும் உனக்கு டைம்." அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவன் கொஞ்சம் தெம்பாக இருந்திருப்பான்.

பிப்ரவரியில் அட்லான்டாவிலிருந்து வெண்டி காஃப்மன் என்கிற சினிமா இயக்குநர் வந்து சேர்ந்தாள். ஆடை களைந்து ஆடும் ஆண்கள் வாழ்க்கையில் வழி தேடுவதைப் பற்றி ஒரு சிரிப்புப் படம் எடுக்கிற உத்தேசத்தில் நாடெங்கும் அலைந்துகொண்டிருந்தவள். கதையில் எல்லாம் இருந்தது, முடிவு மட்டும் இல்லை. ஹாலிஸின் ஆட்டத்தை ஒரு தடவை பார்த்ததும் முடிவு கிடைத்துவிட்டது என்றாள். கடைசிச் சட்டை வரைக்கும் அவன் கழற்ற வேண்டும், கேமரா ஓடிக்கொண்டே இருக்கும், தோல் தெரிகிற இடத்தில் அவனுக்குத் தான் யார் என்று தெரிந்துவிடும், அங்கே படம் முடியும். "கடைசின்னு ஒண்ணு இருந்தே ஆகணும் ஹாலிஸ். யாரும் அவ்வளவு ஆழம் கெடையாது," என்றாள். ஹாலிஸுக்கு அது நல்ல யோசனையாகத் தோன்றியது. கடைசிச் சட்டைக்கு அடியில் இருப்பதை டார்லீனிடம் காட்டி, இதுதான் நான் என்று சொல்லிவிடலாம் என்று நம்பினான். அந்த நம்பிக்கையில் அவன் ஆறேழு வாரம் சந்தோஷமாகவே இருந்தான்.

படப்பிடிப்பு ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கியது. புதன்கிழமைப் பெண்களே நூற்றைம்பது பேர் பார்வையாளர்களாக உட்கார்ந்தார்கள். முதல் நாள் எழுபத்து மூன்று உடுப்பு, இரண்டாம் நாள் எண்பத்தெட்டு. அறுவை மருத்துவர் வந்தார், அவரைக் கழற்றினான். கப்பல் கேப்டன் வந்தார். நாலு தங்கப் பட்டை, தொப்பியும் உண்டு. பெண்கள் அவரை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினார்கள், அவரையும் கழற்றினான். நீதிபதி, தேனீ வளர்ப்பவர், இசைக்குழு நடத்துநர், பனிப்பொழிவே பார்த்திராத அந்த ஊரில் பனிச்சறுக்கு ஆசிரியர். சனிக்கிழமை மதியத்துக்குள் அவன் மூன்று பவுண்டு எடை குறைந்திருந்தான். விரல் நுனிகள் பித்தான் பட்டுப் புண்ணாகியிருந்தன. வெண்டி ஒவ்வொரு தடவையும் கேமராவுக்குப் பின்னாலிருந்து, "அடுத்தது! இதோ வந்துரும், அடுத்தது!" என்று உற்சாகப்படுத்தினாள்.

மூன்றே முக்காலுக்கு டார்லீன் பெட்டியோடு உள்ளே வந்தாள். உள்ளறைச் சாவியை லொரேனிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று வந்தவள், மேடையோரத்தில் நின்றாள். மேடையில் ஹாலிஸ் அப்போதுதான் விமானியைக் கழற்றிப் போட்டிருந்தான். அடியிலிருந்து வந்தது ஒரு பழுப்பு அங்கி. மார்பில் லாரி படமும் அதன் கீழ் ஒரு குழாயும் தைத்திருந்தது. செப்டிக் டேங்க் உறிஞ்சும் வண்டிக்காரருடையது. துவைத்ததுதான்; ஆனாலும் முன்வரிசை கைக்குட்டையைத் தேடியது. வெண்டி மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் அடுத்தது!" என்றாள். ஹாலிஸின் விரல் முதல் பித்தானைக் கழற்றி இரண்டாவதற்குப் போனது. அப்போதுதான் அவன் பெட்டியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"கொஞ்சம் பொறு டார்லீன்," என்றான். "இன்னும் கொஞ்சந்தான். கடைசி வந்துரும். வந்ததும் உனக்குத்தான் மொதல்ல காட்டுவேன்."

"நான் எப்படா உங்கிட்ட கடைசிச் சட்டையக் கேட்டேன்?" என்றாள் டார்லீன். "ஒரு சட்டைதான கேட்டேன்."

அவள் கத்திச் சொல்லவில்லை, ஆனால் கடைசி நாற்காலி வரைக்கும் கேட்டது. ஒரு வருடமாக ஹாலிஸ் தேடியதை அவள் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உள்ளே அடுத்த சட்டையின் காலர் கழுத்தில் உரசியது; நல்ல துணி, கஞ்சி போட்ட மாதிரி விறைப்பு; அது யாருடையதாகவும் இருந்திருக்கலாம். ஹாலிஸ் விரலை எடுத்தான். பிறகு, கழற்றிய முதல் பித்தானைத் திரும்பப் போட்டான். பத்து வருடத்தில், பதினொன்று என்றே வைத்துக்கொள்ளலாம், மேடையில் அவன் பித்தான் போட்டது அதுதான் முதல் தடவை. அதை எப்படிச் செய்வதென்று கைக்குச் சட்டென்று தெரியவில்லை, இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை மாட்டியது. கழுத்துப் பித்தானையும் போட்டான். நூற்றைம்பது பெண்களும் எழுந்து போட்ட கூச்சலில் ஒலிப்பதிவுக் கருவியின் முள் ஒடிந்துபோனது. சீ கிரேப்பில் அதற்கு முன்னும் பின்னும் எந்த ஆணுக்கும் அப்படி ஒரு கூச்சல் விழுந்ததில்லை.

"இதுவா?" என்றாள் டார்லீன்.

"இதுதான்."

"நாறுதுடா."

"தெரியுது. இதுதான்."

அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிப்பதற்கு நடுவில் அழுதாள். நாலு பத்து பஸ் அன்று நாலு பத்துக்கே கிளம்பிப் போயிற்று. வெண்டி மேடைக்கு ஓடி வந்து, அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் படத்தை எப்படி முடிப்பது என்று மன்றாடினாள். ஹாலிஸ் மிகவும் மரியாதையாக, தனக்குத் திங்கள்கிழமை வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது என்று சொன்னான்.

திங்கள்கிழமையே வேலைக்குப் போகவும் செய்தான். மல்லட் பாயின்ட்டில் தோண்டினால் மூன்றடியில் தண்ணீர், வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க். பழைய வண்டிக்காரர் தை மாதமே ஜார்ஜியாவுக்குப் போய்விட்டதால் ஊர் மூன்று மாதமாக மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு செகண்ட் ஹேண்ட் லாரி அகப்பட்டது. மூடியைத் திறக்காமலே எந்தத் தொட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று குதிகாலால் தட்டிச் சொல்ல அவனுக்கு வந்தது. அந்த வேலை அவனுக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பிடித்தது என்று சொல்ல முடியாது. சில நாள் பிடித்தது, சில நாள் பிடிக்கவில்லை. பிடிக்காத நாளிலும் போனான். ஜூன் மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை பழுப்பு அங்கியில் நின்றார், டார்லீன் அதற்கு வெள்ளைக் காலர் வைத்துத் தைத்திருந்தாள். கர்ட்டிஸ் வந்து விருந்தாளிகள் எல்லோருடைய பல்லையும் பார்த்துவிட்டுப் போனான். வெண்டியின் படம் மறு வருடம் இரண்டு வாரம் ஓடியது. முடிவே இல்லாமல் முடிகிறது என்று டாம்பா பத்திரிகைக்காரர் ஒருவர் குறை எழுதினார். புதன்கிழமைப் பெண்கள் ஆளுக்கு மூன்று தடவை பார்த்தார்கள், மூன்று தடவையும் பித்தான் போடுகிற இடத்தில் எழுந்து நின்றார்கள். மீந்த உடுப்புகள் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய துணி அறைக்குப் போயின. வேலை தேடுகிறவர்கள் இன்றைக்கும் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு முன்னால் அங்கேதான் போகிறார்கள். கேப்டன் உடுப்பை மட்டும் யாரும் எடுக்கவில்லை, ஊரில் கப்பல் இல்லை.

ஆனால் ஊருக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எல்லோரும் கண்ணியமானவர்கள், ஆகவே இரண்டு வருடம் பொறுத்தார்கள். 1997 கோடையில், தேவாலயத்தில் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிடும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், யூனிஸ் அம்மாள் உருளைக்கிழங்கு சாலட்டைப் பரிமாறிக்கொண்டே டார்லீனிடம் கேட்டார். "ஏம்மா, தப்பா எடுத்துக்காத. வீட்டுக்கு வந்து அந்தப் பழுப்பு அங்கியக் கழட்டுவான்ல? அதுக்குக் கீழ இப்ப என்னதான் இருக்கு?" நீள மேசையின் இரண்டு பக்கமும் கரண்டிச் சத்தம் நின்றது.

"வேர்க்குரு," என்றாள் டார்லீன். "முதுகு பூரா. மே மாசம் வந்தா செப்டம்பர் வரைக்கும் போகாது. நான்தான் தெனமும் பவுடர் போட்டு விடுறேன்."

பெண்கள் தலையாட்டினார்கள். இத்தனை புழுக்கத்தில் வேறென்ன இருக்கும் என்று ஒருத்தி சொன்னாள். பவுடரைவிடச் சோளமாவு நல்லது என்று சொல்லிவிட்டு, யூனிஸ் அம்மாள் சாலட் கிண்ணத்தை அடுத்த ஆளிடம் தள்ளினார்.